கறையின் சாட்சியம்

தாமலிலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறவன் நான். சிவப்புக் கறை எனக்குப் பழக்கமானது. பட்டுக்குச் சாயம் போடுகிறவரின் நகக்கண்ணிலும் வேட்டி நுனியிலும் அது இருக்கும். அதை ரத்தமென்று யாரும் சந்தேகிப்பதில்லை.

1901இல் ஜெர்மனியின் ரூகன் தீவில் இரண்டு சிறுவர்கள் கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட தச்சன் லுட்விக் டெஸ்னோ, தன் துணியில் இருப்பது மரத்துக்குப் பூசும் சாயம் என்றான். மூன்று வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் இரண்டு சிறுமிகள் கொலையுண்டபோது இதே பதில் அவனைக் காப்பாற்றியிருந்தது. இம்முறை பால் ஊலன்ஹூத்தின் சோதனை வந்துவிட்டது. முயலுக்கு மனித ரத்தத்தை ஏற்றி, பின்பு அம்முயலின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரைக் கறையின் கரைசலோடு சேர்க்க வேண்டும். மனித ரத்தமானால் கலங்கும். டெஸ்னோவின் துணியில் மனித ரத்தமும் இருந்தது, ஆட்டு ரத்தமும் இருந்தது. அதே தீவில் சில வாரங்களுக்கு முன் யாரோ ஆடுகளை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

ரத்தம் பேசிவிட்டது என்று எழுதத் தோன்றுகிறது. வாஸ்தவத்தில் அது பேசவில்லை. மனிதனுடையதா என்ற ஒரு கேள்விக்கு ஆமென்றது, அவ்வளவே. அதே 1901இல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்ட ரத்த வகைகளும் அதிகம் சொல்வதில்லை. வகை வேறானால் அவனுடையதல்ல என்பது நிச்சயம். ஒன்றானால் அவனுடையதாக இருக்கலாம், லட்சக்கணக்கான பிறருடையதாகவும் இருக்கலாம். பாண்டியன் சபையில் உடைந்த சிலம்பு செய்ததும் இந்த விலக்கல்தான். உள்ளே முத்தில்லை, ஆகவே அரசியுடையதல்ல. திருடியவன் யாரென்று அது சொல்லவில்லை. அந்தச் சோதனையும் கோவலனை வெட்டிய பிறகு நடந்தது.

பிறழாத சாட்சிக்கு ஏங்க எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காரணம் உண்டு. 2004 செப்டம்பர் 3 அன்று வரதராஜப் பெருமாள் கோயில் அலுவலகத்தில் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ்ந்தார்கள். 2013இல் புதுச்சேரி நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. பயமோ உறவோ ஜாதியோ தீண்டாத ஒரு சாட்சி இருந்தால் தேவலை என்று அன்று பலர் நினைத்திருப்பார்கள். டி.என்.ஏ. வந்தபின் அது கிடைத்துவிட்டது என்றே நாம் நம்புகிறோம்.

ஆனால் பொய் சொல்ல முடியாத பொருளால் சத்தியமும் செய்ய முடியாது. அதன் சார்பில் யாராவது செய்தாக வேண்டும். 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர்நீதிமன்றத்திலும் உறுதியானது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் வசம் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கில்லை. இனி 48 மணி நேரத்துக்குள் அவை ஆய்வகம் சேர வேண்டும், கைமாறுவதெல்லாம் பதிவாக வேண்டும் என்றது தீர்ப்பு.

படித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இருவர் வசம். கைமாறினால் ரிஜிஸ்தரில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று, நாளை போட்டுக்கொள்ளலாம் என என் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ஒரு பைசா குறையவில்லை. விட்டுப்போன கையெழுத்தை முந்தின நாள் தேதி போட்டு நிரப்பினேன். எழுதியது உண்மைதான், சாவி அவரிடம்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை யார் எப்போது புரட்டினாலும், அது அன்றே எழுதப்பட்டதென்று நம்புவார்கள்.