உள்ளே போ, பென்சிலை எடு!

மன்னாரின் ஓலைத்தொடுவாயில் இருந்துகொண்டு ஓவியனாக முடியுமா என்று கேட்கிறாய்.

ஏன் முடியாது? யார் சொன்னது?

"மன்னாரில் ஓவியக்கூடம் இல்லையே!" இல்லைதான். அதற்காக? போரில் அறுந்த தண்டவாளமே 2015இல் தலைமன்னார் வரை மீண்டு வந்துவிட்டது. உன் கால் மட்டும் ஏன் இன்னும் வீட்டுப்படி தாண்டவில்லை?

கொழும்புக்குப் போ! பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் பவுண்டேசன் இருக்கிறது. ஓவியர் ஹரி பீரிஸ் தான் வாழ்ந்த வீட்டையே படங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போன இடம்.

வாசலில் கால் கூசும். செருப்பைப் பார்ப்பாய். சட்டையைப் பார்ப்பாய். "எங்களுக்கெல்லாம் இது எதற்கு?" என்று மனம் முனகும். முனகட்டும். நீ நுழை!

நுழைந்ததும் இன்னொரு பயம் பிடிக்கும். அதுதான் பெரியது. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் ஒரு கோட்டைப் பார்த்ததுமே உன் கொப்பியைக் கிழித்தெறியத் தோன்றும்.

கிழிக்காதே! நல்ல கோடு எது என்று உன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கை பின்தங்கி நிற்கிறது, அவ்வளவுதான். கண் தேறாதவனுக்கு இந்த வலியே வராது!

அந்தச் சுவர்களில் இருப்பவர்கள் யார்? 1943இல் கொழும்பில் கூடிய '43 குழுவினர். ஆங்கிலேயர் பழக்கிய பாணிதான் ஓவியம் என்றிருந்த நாளில், முடியாது என்று எழுந்தவர்கள்.

அவர்களில் மஞ்சுசிறி பிக்குவாக இருந்தவர். ஓவியத்தைத் தானாகவே கற்றவர். விகாரை விகாரையாகப் போய், அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் படியெடுத்தார். ஆண்டுக்கணக்கில்! உனக்கு ஒரு மத்தியானம் நிற்கக் கால் வலிக்கிறதா?

வான்கோவைக் கேள். தூரிகை பிடித்து ஐந்தே வருடம். 1885இல் ஆம்ஸ்டர்டாமில் புதிதாகத் திறந்த றைக்ஸ் மியூசியத்துக்குப் போனார். றெம்பிராண்டின் ஒரு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். கூட வந்த நண்பர் மற்ற அறைகளைச் சுற்றிவிட்டு வந்தார். வான்கோ அதே இடத்தில்!

நீயோ போனில் நாற்பது படம் பிடித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாய். (அவற்றை வீட்டில் யாரும் திறந்து பார்ப்பதில்லை. தெரிந்த கதைதான்.)

ஒரு படம் போதும். அதன் முன்னால் நில். பார்த்து வரை. பிழைக்கும். மறுபடி வரை. மறுபடியும் பிழைக்கும். பிழைக்கட்டுமே!

பிறகு ஊருக்குத் திரும்பு. கரைவலை இழுப்பவரின் முதுகை வரை. வெயிலில் காயும் கருவாட்டை வரை. உச்சி வெயிலில் பனையின் நிழல் எங்கே விழும் என்று உனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து யாராவது வந்து அதை வரையட்டும் என்று காத்திருக்கிறாயா?

அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. இந்த மாதமே போ!