விறகும் விவேகமும்

விலை ஏறப் போகிறது என்று தோன்றினால் முன்கூட்டியே வாங்கிச் சேர்த்து வைப்பது விவேகமா, பேராசையா? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்லப் புகுந்தால் நம்முடைய மனசையே கொஞ்சம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

சேரன்மகாதேவிப் பக்கம், தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். கார் அறுவடை முடியும் சமயம், புரட்டாசி வெயிலிலேயே என் ஆச்சி விறகு வாங்கிவிடுவாள். உடைமரக் கட்டை, பனமட்டை, போதாததற்கு எருவாட்டி. எல்லாம் தொழுவத்துப் பரணுக்குப் போய்விடும்.

ஒரு வருஷம் அப்பா, "இன்னும் கொஞ்சம் விலை இறங்கட்டும்" என்று தடுத்தார்.

"விலை எறங்கும்னு நீ காத்திருப்பே, மழை உனக்காகக் காத்திருக்குமாலே?" என்றாள் ஆச்சி.

மழை காத்திருக்கவில்லை. ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்டது. விறகோ எடைக்கு விற்கிற சரக்கு. நனைந்த கட்டையை நிறுத்து வாங்கியதில், தண்ணீருக்கும் விறகு விலை கொடுத்தோம். ஊதி ஊதி அம்மாவின் கண்கள் சிவந்ததுதான் மிச்சம்.

1992 நவம்பரில் ஆறு கரைபுரண்டது. அந்த வருஷம் எங்கள் பரண் நிறைந்திருந்தது. விறகுக்கடைக்காரர் ஒருவரிடமும் காய்ந்த விறகு இருந்தது. ஆனால் விலை இரண்டு மடங்கு. ஊரார் அவரை ஏசினார்கள். ஆச்சியோ, கேட்டு வந்தவர்களுக்கு வீட்டுக்கு இத்தனை கட்டை என்று எண்ணிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. "வெயில் வந்ததும் விறகாத் திருப்பித் தா" என்றாள், அவ்வளவுதான்.

ஆச்சியைப் புண்ணியவதி என்றும் கடைக்காரரைப் பாவி என்றும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நியாயமாகப் பார்த்தால், அவரும் சேர்த்து வைத்திராவிட்டால் அந்த வாரம் பல வீடுகளில் உலை ஏறியிருக்காது. சேர்த்தது குற்றமில்லை. ஆச்சி மழையை எதிர்பார்த்துச் சேர்த்தாள். அவர் அடுத்தவர் முடையை எதிர்பார்த்துச் சேர்த்தார். இவ்வளவுதான் வித்தியாசம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இனி என் கதை. 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலை நாள்தோறும் மாறலாம் என்று ஏற்பட்டது. ஆனாலும் 2021 நவம்பர் தொடங்கி நாலரை மாதம் அசையாமல் நின்ற விலை, 2022 மார்ச் 22-ல் ஏறியது. சென்னையில் லிட்டருக்கு 76 பைசா. நாளையும் ஏறும் என்று பேச்சு. அன்று இரவே ஸ்கூட்டரை நிரப்பியதோடு, தகர டப்பாவில் ஐந்து லிட்டரும் பிடித்து வந்தேன். சட்டப்படி தப்பில்லை, விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்துக்கொள்ளலாம். பேச்சுப்படியே விலையும் ஏறிற்று. கணக்குப் பார்த்தால் லாபம் நாலு ரூபாய்கூட இல்லை! இதற்காகத் தீப்பற்றும் சரக்கைப் பிள்ளைகள் தூங்குகிற வீட்டில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். வண்டி நின்றுவிட்டதாம், அரை லிட்டர் கேட்டார். கொடுத்தேன்.

"எவ்வளவு தரணும் அண்ணாச்சி?"

என் வாயில் வந்தது இன்றைய விலை! வித்தியாசம் முப்பத்தெட்டுப் பைசாதான். ஆனால் அந்த முப்பத்தெட்டுப் பைசாவில் விறகுக்கடைக்காரரை அடையாளம் கண்டுகொண்டேன். அவரை இனி நான் ஏச முடியாது.

எப்போது வாங்குவது என்பதை மழையும் வெயிலும் சொல்லிவிடும். எவ்வளவு என்பதை வீட்டு அடுப்பு சொல்லும். வாங்கியது விவேகமா, பேராசையா என்பதோ, அண்டை வீட்டார் வந்து கேட்கும்போதுதான் தெரிகிறது.