மரபுரிமைத் துப்பாக்கியும் கொல்லாமை அறமும்

முன்னோர் விட்டுச்சென்ற பொருளைப் பேணுதல் வழித்தோன்றலின் கடனாகக் கருதப்படுகிறது. கொல்லாமைக்குத் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. அப்பொருள் பழைய கைத்துப்பாக்கியாக இருப்பின் இவ்விரு அறங்களும் முரண்படுகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரத்தில் அதை அப்படியே விட்டுவைப்பதும் அழிக்கும் செயலாகிவிடுகிறது. ஏனெனில் உப்புக்காற்றின் குளோரைடு இரும்பினுள் ஊறி, மேல்துருவைத் துடைத்த பின்னும் அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

வெடிமருந்தையும் குண்டையும் குழலின் முன்வாய் வழியே இடித்து நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கியை மதிப்பிடுவோர், முதலில் மெல்லிய மரக்குச்சியை உள்ளே செலுத்தி, அது சென்ற நீளத்தைக் குழலின் வெளிப்புறத்தில், தீப்பொறி உட்புகும் துளை வரை வைத்து ஒப்பிடுவர். குச்சி முன்னதாகவே தடைப்பட்டால், என்றோ இட்ட மருந்து உள்ளே இருக்கக்கூடும். ஈரம்படாத கருமருந்து நூறாண்டு கடந்தும் தீப்பற்றும் என்பதால், அதை அகற்றுவது வல்லுநரின் பணி.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் இவ்வாறே உள்ளுறை ஆற்றலைக் கருதுகிறது. வழக்கொழிந்த, தொன்மை மதிப்புடைய அல்லது பழுதுற்ற ஆயுதத்திற்கு அதன் 45ஆம் பிரிவு விலக்களிப்பது, பழுதுபார்த்தாலும் அது சுடப் பயன்படாது என்னும் நிலையில் மட்டுமே. காரியம் காரணத்துள் முன்பே அடங்கியுள்ளது என்னும் சற்காரியவாதத்தைச் சைவ சித்தாந்தம் ஏற்கிறது. அக்கொள்கையின்படி நோக்கினால், விசையைச் செப்பனிடுபவர் அடங்கியிருந்த கொலைத்திறனை வெளிப்படுத்துபவர் ஆகிறார்.

ஆகவே புதுப்பித்தலையும் பாதுகாத்தலையும் வேறுபடுத்துவது இன்றியமையாதது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம், செப்புத் திருமேனிகளின் அரிப்பை மின்பகுப்பு முறையால் நீக்கியது. அங்கு நாடப்பட்டது பொருளின் நிலைபேறு. துப்பாக்கிக்கும் அந்நெறியே பொருந்தும்: உப்பை நீக்கி, மெழுகு பூசி, செய்தவரின் முத்திரைகள் தேயாதவாறு மெருகேற்றலைத் தவிர்த்து, இயங்குபொறியை உயிர்ப்பிக்காமல் விடலாம்.

செல்வம் அனைத்தையும் துறந்த பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூரில் இருக்க, பழம்பொருளைப் பேணுவதே பற்று அன்றோ என்னும் வினா எழக்கூடும். ஆயினும் ஆயுதத்தைக் கண்ட இடத்தில் எறிந்துவிடுவது துறவாகாது. அது எவர் கையையும் சேரலாம் என்பதால், எறிந்தவரின் பொறுப்பு தொடர்கிறது. உரிய அதிகாரியிடம் அறிவித்து, சுடும் ஆற்றலை மீட்காமல் வரலாற்றை மட்டும் காப்பவரோ முன்னோர்க்குரிய கடனையும் உயிர்களுக்குரிய கடனையும் ஒருங்கே நிறைவேற்றுகிறார்.