தன்னை விழுங்கும் பாம்பும் எஞ்சி நிற்கும் சேஷனும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருநீர்மலையில், மலைமேல் அரவணையில் கண்வளர்ந்தருளும் அரங்கனைச் சேவித்துப் படியிறங்கி வருகையில், நம் கோஷ்டியோடு வந்திருந்த சிறுவன் ஒருவன் கேட்டான்: "மாமா, ஒரு பாம்பு வாலிலிருந்து ஆரம்பித்துத் தன்னையே முழுங்கினால் கடைசியில் என்ன மிச்சம் இருக்கும்?" உடன் வந்தவர்கள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். ஆனால் தாம்பரம் வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி நம்மை விட்டபாடில்லை.

இப்பகுதியினர்க்குப் பாம்பு புதிதன்று. கிண்டியிலுள்ள பாம்புப் பண்ணை, 1972-இல் அங்கே செல்லுமுன், தாம்பரத்தை அடுத்த சேலையூரில்தான் தொடங்கியது. பாம்பைத் தின்னும் பாம்பு உண்டு. ராஜநாகத்துக்குப் பிற பாம்புகளே முதன்மையான இரை. தன்னையே தின்பதும் முற்றிலும் கற்பனையன்று. அடைபட்டுக் கிடக்கும் பாம்புகள் சில, வெப்பம் மிகுந்து நிலைதடுமாறும்போது, தம் வாலையே இரையென்று கவ்வி விழுங்கத் தொடங்கியதைக் கண்டவர்கள் உண்டு. பாம்பின் கீழ்த்தாடை இரு பாதிகளாய், நெகிழும் நாரால் இணைந்தது. ஆதலால் வாய் மிக அகலத் திறக்கும். பற்களோ உள்நோக்கி வளைந்தவை. கவ்வியது உள்ளே செல்வது எளிது. வெளியே வருவது அரிது. எனவே வளையம் சுருங்கிக்கொண்டே போகும். ஆயினும் ஓர் எல்லையில் அது நின்றே தீரவேண்டும். வாலை விழுங்கலாம், உடலில் ஒரு பங்கையும் விழுங்கலாம், விழுங்குகிற வாயை எந்த வாய் விழுங்கும்? அப்பாம்பு மாண்டுபோகக் கூடும். தன்னை விழுங்கி முடிக்க மட்டும் அதனால் இயலாது.

அகங்காரத்தை நாமே ஒழித்துவிடுவோம் என்று புறப்படுகிறவனின் நிலையும் இதுவே அன்றோ? நம் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கோஷ்டியில் நமக்கு வழக்கமாயிருந்த முன்னிடத்தை மற்றொருவர்க்கு விட்டுக்கொடுத்துப் பின்வரிசையில் போய் நின்றோம். அன்று மனம் லேசாயிருந்தது. வீடு திரும்பும் வழியில்தான், 'நாம் விலகி நின்றதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்' என்று உள்ளே ஒன்று கணக்கெடுத்துக்கொண்டிருந்ததை உணர்ந்தோம். முன்னிடத்தில் நின்ற 'நான்' ஒழிந்தது. அதை ஒழித்த 'நான்' முன்னிலும் கொழுத்துவிட்டது. வால் உள்ளே போயிற்று. வாய் வெளியே நின்றது. அந்த இரண்டாவது 'நான்' என்பதையும் ஒழிப்போம் என்று முயன்றால், மூன்றாவது ஒன்று வாய் திறக்கும். இதற்கு முடிவே இல்லை.

அப்படியானால் வழி என்ன? விழுங்குகிறவன் வேறொருவனாக இருக்கவேண்டும். திருக்காட்கரைப் பதிகத்தில் நம்மாழ்வார் இதையே தம் அனுபவமாக அருளிச்செய்கிறார். எம்பெருமானைக் கண்டால் அப்படியே வாரி விழுங்கிவிடவேண்டும் என்று ஆழ்வார் ஆசையோடு காத்திருந்தாராம்; அவனோ இவருடைய ஆசையை விஞ்சிய ஆசையோடு முந்திக்கொண்டு இவரை முழுவதுமாகப் பருகிவிட்டானாம். உண்ண நினைத்தவர் உணவானார். ஆழ்வார் தம் முயற்சியால் தம்மைக் கரைத்துக்கொள்ளவில்லை. அவன் திருவுள்ளமே அதைச் செய்தது.

இதில் நாம் நெடுநேரம் நின்று அனுபவிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முற்றப் பருகப்பட்டபின் ஆழ்வார் இல்லாமற்போய்விட்டாரா? இல்லை. அடுத்த பாசுரத்தைப் பாடிப் பதிகத்தை நிறைவு செய்ய அவரே இருக்கிறார். நம் தரிசனத்தில் ஆத்மா அழிவதில்லை. 'நான் எனக்கே உரியவன்' என்ற நினைவு அழிகிறது. 'நான் அவனுக்கு உரியவன்' என்ற ஆத்மா எஞ்சுகிறது. எஞ்சுவதற்கு வடமொழியில் 'சேஷம்' என்று பெயர். பிறர்க்குச் சிறப்பு உண்டாக்குவதற்கென்றே கொள்ளப்படுவதைத் தன் இயல்பாக உடையது எதுவோ அது சேஷம் என்று எம்பெருமானார் வேதார்த்தஸங்க்ரஹத்தில் வரையறுத்தருளினார்.

சிறுவன் கேட்ட 'மிச்சம்' இங்கே பாம்பின் பெயராகவே வந்து நிற்கிறது. மலைமேல் அரங்கனைத் தாங்கும் அரவு ஆதிசேஷன். எம்பெருமான் நடந்தால் குடை, அமர்ந்தால் ஆசனம், நின்றால் பாதுகை என்று பொய்கையாழ்வார் அவன் தொண்டை அடுக்கிச் சொல்கிறார். ஆயிரம் வாய்கள் இருந்தும் அவற்றுள் ஒன்றும் தன் வாலை நோக்கித் திரும்பியதில்லை. அவ்வாதிசேஷனே 1017-இல், நமக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்பூதூரில், எம்பெருமானாராக அவதரித்தான் என்பது நம் பூர்வர்களின் துணிபு.

'அவன் விழுங்கட்டும் என்று நாம் வாளா இருக்கலாமோ?' என்று கேட்கக்கூடும். அப்படியன்று. தன் வாலையே பார்த்துக்கொண்டிருக்கும் தலையை நிமிர்த்தவேண்டும். 'எவ்வளவு அடங்கிவிட்டோம்' என்று நம்மை நாமே அளப்பதை விட்டு, அடுத்து நிற்பவர்க்குத் தீர்த்தம் கிடைத்ததா, முதியவர் படியிறங்கக் கை கொடுத்தோமா என்று பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் 'நான்' எங்கே போயிற்று என்று தேட நமக்கு ஒழிவே இராது. அதுவும் நம் சாதனையன்று. அவன் நம்மைக் கைங்கரியத்தில் மூட்டிய அருளே.

அடுத்த முறை திருநீர்மலைப் படியில் அச்சிறுவனைக் காணும்போது சொல்ல விடை கிடைத்துவிட்டது. "குழந்தாய், கடைசியில் மிச்சம் இருப்பது வாய். அதைக் கொண்டு பாசுரம் சொல்லு."

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.