தனிப் பாத்தி

சத்தியமங்கலத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களைக் காண்போர், கரும்பும் வாழையும் மஞ்சளும் செழித்து நிற்கும் காட்சியில் மனத்தைப் பறிகொடுப்பர். அத்தோட்டங்கள் சிலவற்றில், கிணற்றடியை ஒட்டிச் சிறு பாத்தியொன்று தனியே இருப்பதுண்டு. கத்தரிச்செடி நாலு, தக்காளி பத்து, ஓரமாகக் கொஞ்சம் கீரை. கேட்டால், “இது வீட்டுக்குங்க, இதுக்கு மருந்தடிக்கறதில்லை” என்பார் உழவர். அவர் பேச்சில் ஒளிவுமறைவு இல்லை. ஆயினும் அதனுள் பெரியதோர் அறவினா அடங்கியிருக்கிறது. தன் பிள்ளைக்கு ஆகாதென்று விலக்கிய ஒன்று, ஊரார் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?

உழவரைக் குறை கூறுமுன் வரலாற்றை நோக்குதல் நேர்மையாகும். 1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1965, 1966 ஆகிய வறட்சி ஆண்டுகளில், அமெரிக்கக் கப்பல்கள் கொண்டுவரும் கோதுமையை எதிர்பார்த்து இந்நாடு நின்றது. அப்போது மத்திய உணவு அமைச்சராய் இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியிற் பிறந்த சி. சுப்பிரமணியம். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. நெல்லில் ஐ.ஆர். 8 வந்தது. 1955-இல் நிறைவுற்ற பவானிசாகர் அணையினின்று புறப்படும் கீழ்பவானிக் கால்வாய், ஏறத்தாழ 2 இலட்சம் ஏக்கரை நனைத்தது. நீரும் புதுவிதையும் உரமும் கூடிப் பசியைப் பின்வாங்கச் செய்தன. பசித்தவனுக்குச் சோறிடுவது அறமெனில், அம்முயற்சியும் அறத்தின்பாற்பட்டதே.

ஆனால் உரத்தைத் தொடர்ந்து நஞ்சும் வந்தது. நாம் அதற்கு ‘மருந்து’ என்று பெயரிட்டோம். சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் பொறித்த புட்டியைத் திறந்து தெளிப்பவர் பெரும்பாலும் கூலியாள்; பலருக்கு முகத்தை மூட ஒரு துணிகூட இல்லை. பல்லாண்டுக் காலம் இப்படி மருந்தென விற்கப்பட்ட எண்டோசல்பானை, 2011-இல் உச்ச நீதிமன்றமே தடை செய்ய நேர்ந்தது.

திருமறையின் அல்பகரா அத்தியாயத்து 168-ஆம் வசனம், மனிதகுலம் முழுவதையும் விளித்து, உண்ணும் பொருளுக்கு இரு தகுதிகளை இணைத்துக் கூறுகிறது. ஒன்று ஹலால், மற்றொன்று தய்யிப், அதாவது தூயது, நல்லது. நாமோ முதற்சொல்லை மட்டுமே கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்கிறோம். ஆடு அறுக்கப்பட்ட முறையை நுணுகி விசாரிக்கிறோம். அதனோடு சேர்த்துச் சமைக்கும் கத்தரிக்காயின்மேல் என்ன தெளித்தார்கள் என்று விசாரிப்பதில்லை. கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கடிந்துகொண்டதை ஹதீஸ் நூல்கள் கூறும். அந்த ஈரத்தையேனும் கையால் தொட்டறியலாம். இந்த நஞ்சைத் தொட்டறிய இயலாது. எனவே அறிந்து விற்பவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

உழவர் மட்டுந்தானா தனிப் பாத்தி வைத்திருப்பவர்? கோவையில் இயற்கை அங்காடிக்குக் காரில் சென்று, இருமடங்கு விலை கொடுத்துத் தம் குடும்பத்துக்கு மட்டும் நஞ்சற்ற அரிசி வாங்கி வருவோர் செய்வதென்ன? வீட்டு வேலை செய்யும் அம்மாள் தம் பிள்ளைகளுக்கு எதைச் சமைக்கிறார் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அவரது பாத்தி தோட்டத்தில் இருக்கிறது. இவர்களது பாத்தி அலமாரியில் இருக்கிறது. தமக்கு விரும்புவதைத் தம் சகோதரருக்கும் விரும்பும்வரை ஈமான் நிறைவுறாது என்ற நபிமொழியின் கருத்து இருசாராரையுமே நோக்கி நிற்கிறது.

அப்படியானால் நாளையே உரத்தை ஒழித்துவிடலாமா? 2021-இல் இலங்கை அரசு, இரசாயன உரங்களின் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நெல் விளைச்சல் வீழ்ந்தது, உணவுவிலை ஏறியது, சில மாதங்களிலேயே அத்தடையைத் தளர்த்த நேர்ந்தது. அந்த அவசரத்தின் விலையை ஏழை உழவரும் ஏழை நுகர்வோருமே கொடுத்தனர். பட்டினி கிடப்பவனின் வெறுந்தட்டைத் தூய தட்டென்று எவரும் புகழ இயலாது.

வழி இல்லாமலும் இல்லை. சத்தியமங்கலத்து எஸ்.ஆர். சுந்தரராமன், இயற்கை வேளாண்மையை உழவரிடையே பரப்பிய முன்னோடிகளுள் ஒருவர். பவானி நதியின் மேற்பகுதியில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில், முதுமையிலும் இயற்கை முறையில் பயிர் செய்த பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பல தானியங்களைக் கலந்து விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது மண்ணை வளப்படுத்தும் முறையை இன்று உழவர் பலர் அறிவர். ஆனால் மண் தேறுவதற்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சல் குறையலாம். அந்த இழப்பை யார் தாங்குவது?

ஷரீஅத்தின் உஷ்ரு விதி இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. ஏழைக்குச் சேரவேண்டிய பங்கை விதிக்கும்போதே, உழவர் சிந்திய வியர்வையையும் அது கணக்கில் கொள்கிறது. உண்பவராகிய நாமும் அக்கணக்கைப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். நஞ்சின்றி விளைவிப்பவருக்கு நியாய விலை கொடுப்போம். விருந்துகளில் வீணாகும் சோற்றைக் குறைப்போம். தூய தானியம் நியாயவிலைக் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் வரவேண்டுமென்று அரசிடம் கேட்போம்.

கிணற்றடிப் பாத்தியைப் பார்த்து எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. எது நல்ல உணவென்று அந்த உழவருக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்தப் பாத்தியின் வரப்பை ஊர் முழுவதற்கும் விரிக்க அவருக்குத் தோள்கொடுப்பதே நம் கடமை.