கற்பது எவர் தோலில்?

ஜொகூர் பாருவில் பச்சை குத்தும் கடையொன்றின் மேசைமீது ஒரு கையைக் கண்டோம். முழங்கை தொடங்கி விரல் நுனி வரையில் மனிதக் கையே போன்றது. நகமும் உண்டு, ரேகையும் உண்டு, உயிர்தான் இல்லை. சிலிக்கோன் என்னும் செயற்கைப் பொருளால் வார்த்தெடுத்தது. அதன்மேல் ஒரு வாலிபர் மின்சார ஊசியால் மல்லிகைக் கொடியொன்றைக் குத்திக்கொண்டிருந்தார். கோடு தவறிற்று. அவர் முகஞ் சுளிக்கவில்லை. மசியைத் துடைத்துவிட்டு, அக் கையைச் சற்றே புரட்டி, வெற்றிடத்தில் மீண்டும் தொடங்கினார். அத் தவற்றினால் எவருக்கும் ஒரு துளி நோவும் உண்டாகவில்லை. இச் சிறு காட்சி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது.

ஏனெனில் நாம் வேறொரு கையை அறிவோம். குளுவாங்குக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்து மறைந்த மூதாட்டி ஒருவரின் இடக் கை அது. அவர் சேலம் ஜில்லாவில் பிறந்து, இளம் பெண்ணாகக் கப்பலேறி வந்தவர். அவருடைய முன்கையில் ஒரு கோலம் பச்சை குத்தியிருந்தது. மூன்று மூலைகள் செவ்வையாக இருக்க, நான்காம் மூலை மட்டும் கோணிக் கிடக்கும். அதன் காரணத்தை ஒரு நாள் கேட்டோம். "எனக்கு ஏழு வயசு. ஊருக்கு வந்த குறத்தி மூணு மூலையை அவளே குத்திட்டு, நாலாவதைத் தன் மக கையிலே குடுத்துட்டா. அந்தப் பொண்ணுக்கும் என் வயசுதான் இருக்கும். நானும் அழுதேன், அவளும் அழுதா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

பச்சை குத்துதல் நம் நாட்டில் குறவர் மரபுப் பெண்களின் தொழிலாக இருந்தது. 1909-ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூலிலே மசி செய்யும் விதம் விவரமாகக் காணப்படுகிறது. மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் அரைத்து, துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைப்பர். மசிக்கு இத்தனை பக்குவம் கண்ட அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் கையைப் பழக்குவதற்கு எதிரே அமர்ந்த குழந்தையின் தோலைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன இருந்தது? அத் தாயை நாம் குறை கூறோம். ஊரூராகத் திரிந்து உண்பவள், மகளுக்குத் தொழிலைக் கொடுக்காவிடில் வேறு எதைக் கொடுப்பாள்?

கற்பவர் தவறு செய்தே தீருவர். அத் தவறு எவர்மேல் விழவேண்டும் என்பதே வினா. இவ் வினாவை முன்னோரும் அறியாமலில்லை. சுசுருத சம்ஹிதையில் ஒரு முழு அத்தியாயமே மாணாக்கரின் கைப்பழக்கத்தைப் பற்றியது. அறுத்தலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் பழகவேண்டும்; நாளத்தைக் குத்துதலைச் செத்த மிருகங்களின் நாளங்களிலும் தாமரைத் தண்டிலும் பழகவேண்டும்; கட்டுப் போடுதலைத் துணியால் செய்த மனிதப் பொம்மையில் பழகவேண்டும் என்று அது விதிக்கிறது. சீன தேசத்தில் 1027-ல் வாங் வெய்யி என்னும் வைத்தியர் ஊசி வைத்தியம் கற்போருக்காக வெண்கல மனிதர் இருவரை வார்ப்பித்தார். மேலே மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்பிப் பரீட்சை வைப்பராம். ஊசி சரியான துளையில் இறங்கினால் நீர் கசியும்.

தோட்டத்து நேயர்களுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. புதிதாக மரம் வெட்டப் பழகுவோரை இளமரத்தில் எவரும் விடுவதில்லை. சாய்க்கப்போகும் கிழமரத்திலே பழக்குவர். பட்டையின் அடியில் உள்ள உயிர்ப்படலத்துக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டுவைக்கவேண்டும். கத்தி அதையும் தாண்டினால் மரத்தில் காயம்பட்டு முண்டு கட்டும். பச்சை குத்தும் ஊசிக்கும் அத்தகைய கணக்குண்டு. ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மசி தங்கவேண்டும். மேலே நின்றால் உதிர்ந்துபோம். கீழே போனால் கோடு கலங்கிப் படரும். மரத்துக்குக் காட்டிய இக் கவனத்தைத் தோட்டத் துரைமார் மரம் வெட்டியவர்களுக்குக் காட்டினார்களா என்பது வேறு கதை.

கிழமரம் கிடையாத இடத்தில் உலகம் எதைப் பிடித்ததென்பதையும் நாம் மறத்தலாகாது. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மாண்ட்கொமரி நகரில் ஜே. மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர், 1845 முதல் 1849 வரையில், பிரசவத்தால் உண்டாகும் ஒரு கொடிய புண்ணுக்குச் சிகிச்சை தேடினார். அடிமைப் பெண்களின் உடல்களிலே தேடினார். அனார்க்கா, லூசி, பெட்ஸி என்னும் மூவரின் பெயர்கள் எஞ்சியுள்ளன. அனார்க்காவின் உடலில் மட்டும் சுமார் 30 முறை கத்தி வைத்தார், மயக்க மருந்து கொடாமலே. கை தேர்ந்தது, சிகிச்சையும் கிடைத்தது, புகழும் சிலையும் அவருக்கு வந்தன. நியூயார்க்கு நகரத்துச் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அச் சிலையை எடுக்க 2018 ஆகவேண்டியிருந்தது. அப் பெண்கள் நோயால் வருந்தியவரே, குணம் வேண்டியவரே என்று வாதிப்போர் உண்டு. இருக்கலாம். ஆனால் ‘வேண்டா’ என்று சொல்ல இயலாதவரின் ‘ஆம்’ என்ற சொல்லுக்கு நாம் மதிப்பு வைப்பதற்கில்லை.

ஆகவே, மேசைமீது கிடந்த அச் செயற்கைக் கையை நாம் மனமார வரவேற்கிறோம். உயிரற்ற கையால் கலை வளருமோ என்று ஐயுறும் பழமைப் பிரியர்களிடம் நமக்கு அனுதாபம் மிகுதியில்லை. எனினும் அவர் சொல்வதில் ஒரு பங்கு மெய். சிலிக்கோன் தோல் அசையாது, வியர்க்காது, இரத்தம் கசியாது. ஆறும்போது தழும்பு எப்படி ஏறும் என்று காட்டாது. நம்மவர்போல் கருத்த தோலுடையவர்க்குத் தழும்பு தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். அதைப் பழகுவோர் அறிந்திருக்கவேண்டும். நாம் கண்ட கையோ வெளிறிய நிறமுடையது. கருநிறத்திலும் பழுப்பு நிறத்திலும் இப்போது கிடைக்கின்றனவாம். அப்படியிருக்க, பெரும்பாலும் நம் இளைஞர்களே வந்துபோகும் கடையில் வெள்ளைக் கை ஏன் என்று கேட்டோம். முதலில் அகப்பட்டது அதுதான் என்று விடை வந்தது. முதலில் அகப்படுவது எப்போதும் அதுவாகவே இருப்பதைக் குறித்து இன்னொரு நாள் எழுதுவோம்.

நம்மை உறுத்தியது அதனினும் வேறான ஒரு விஷயம். அவ் வாலிபர் ஆறு மாதம் அக் கையிலே பழகி, பிறகு தம் தொடையில் இரண்டு பூக்களைத் தாமே குத்திக்கொண்டு, அதன் பின்னரே பிறர்மேல் ஊசி வைத்தாராம். நல்ல ஒழுங்கு. முதன் முதலாகக் கை நீட்டியவர் யார் என்றோம். சீகாமட் பக்கத்துத் தோட்டத்துப் பையன், தாயின் பெயரைக் குத்தச் சொன்னான் என்றார். இதுவே நீர் பிறர்மேல் வைக்கும் முதல் ஊசி என்று அவனிடம் சொன்னீரா என்றோம். அவர் தலை குனிந்தார். "சொன்னா எவன் ஐயா கையை நீட்டுவான்?"

செயற்கைக் கையிடம் எவரும் அனுமதி கேட்பதில்லை. ஆறு மாதம் அதனோடு இருந்த கை, கேளாமல் குத்தவும் சேர்த்தே பழகிவிட்டது. குறத்தியும் ஏழு வயதுக் குழந்தையைக் கேட்கவில்லை. மாண்ட்கொமரியிலும் கேட்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. நோவைப் பொம்மையின்மேல் இறக்கிவைக்க நாம் கற்றுவிட்டோம். கேட்பதையோ மனிதனிடத்தில்தான் பழகவேண்டும். பாட்டி சிரித்தது உண்மை. அச் சிரிப்பு வாழ்நாளெல்லாம் அக் கோணலோடு வாழ்ந்து அவரே தேடிக்கொண்டது. ஏழு வயதில் அவர் அழுதார்.

சொன்னால் எவரும் வாரார் என்பதும் சரியன்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பல் வைத்தியப் பிரிவிலே, மாணாக்கர் முதலில் பொம்மைத் தலையில் செயற்கைப் பற்களைக் குடைந்து பழகுகின்றனர். பின்னர், ஆசிரியர் மேற்பார்வையில், நோயாளிகளைத் தொடுகின்றனர். தொடுபவர் மாணாக்கர் என்று அறிந்தே ஜனங்கள் வந்து வாய் திறக்கின்றனர். கூலி குறைவு என்பது ஒரு காரணம். ஒளிவு மறைவு இல்லை என்பது மற்றொன்று.

இதை அவ் வாலிபரிடம் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. தாயின் பெயர் சரியாக வந்ததா என்று மட்டும் கேட்டோம். ஓர் எழுத்தின் சுழி சற்றுப் படர்ந்துவிட்டதென்றும், பையன் அதை இன்னும் கவனிக்கவில்லையென்றும் சொன்னார்.