சிற்றொளியைக் காண

திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி.வி. இராமன், கே.எஸ். கிருஷ்ணனுடன் 1928-இல் கல்கத்தாவில் கண்டறிந்தது மிக மங்கலானதோர் ஒளியை. கதிரவன் ஒளியை ஊதாக் கண்ணாடி வழியே திரவத்தினுள் செலுத்தினார். அவ்வூதா ஒளியைத் தடுக்கும் மற்றொரு கண்ணாடியைக் கண்முன் வைத்தார். இருள் மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும். ஆயினும் மெல்லியதோர் ஒளிக்கீற்று தெரிந்தது. பேரொளியை விலக்கியபோதே சிற்றொளி புலப்பட்டது.

வேற்று விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் வானியலாரும் இவ்வாறே பேரொளியை விலக்க வேண்டியவர்கள். திருவரங்கத்து இராஜகோபுரத்தின் உச்சியில் பெருவிளக்கு எரிய, அதனருகே பறக்கும் மின்மினியை மலைக்கோட்டையிலிருந்து காண இயலுமா? நம் கதிரவன் பூமியைவிட, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் ஏறத்தாழ ஆயிரங்கோடி மடங்கும், அகச்சிவப்பு ஒளியில் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கும் ஒளி மிக்கது.

இதற்கு 1978-இல் பிரேஸ்வெல் என்னும் அறிஞர் ஒரு வழி கூறினார். திருச்சித் தெப்பக்குளத்தில் இரு கற்களை எறிந்தால், ஓர் அலையின் முகடும் மற்றதன் பள்ளமும் சேருமிடத்தில் நீர் அடங்கி நிற்கும். அவ்வாறே இரு ஆடிகளில் விழும் விண்மீன் ஒளியை முகடும் பள்ளமுமாக இணைத்தால் அது அவிந்துவிடும். சற்று விலகியிருக்கும் கோளின் ஒளியோ அவ்வாறு அவியாது. அரிசோனாவில், வத்திக்கான் வானாய்வகத்தின் தொலைநோக்கியும் அமைந்துள்ள கிரகாம் மலையில், 8.4 மீட்டர் அகலமுள்ள இரு ஆடிகளைக் கொண்டு இம்முறையில் 38 விண்மீன்கள் ஆராயப்பட்டன. அவற்றைச் சூழ்ந்த தூசியின் ஒளி, வருங்கால விண்வெளித் தொலைநோக்கிகளிடமிருந்து கோள்களை மறைத்துவிடுமோ என்று அறிவதே நோக்கம்.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. சிறியதைக் காணப் பெரியதை மறைப்பது முறையாகுமா? விண்மீனுக்கு இதனால் யாதொரு குறையும் இல்லை. அது வானில் எரிந்துகொண்டே இருக்கிறது. ஒளி அவிந்தது நம் கருவிக்குள் மட்டுமே. எனவே, எளியோரைக் காண வல்லோரைப் பகைக்க வேண்டியதில்லை. வல்லோரின் குரல் சற்று நேரம் அடங்கினால் போதும்.

நம் பங்குப் பேரவைகளை எண்ணிப் பாருங்கள். கற்றவரும் செல்வரும் பேசி முடித்ததும் கூட்டம் கலைகிறது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த கூலித் தொழிலாளி ஒன்றும் சொல்லவில்லை என்கிறோம். அவர் சொல்லவில்லையா, அல்லது அவர் சொல்வதற்கு வேண்டிய அமைதியை நாம் உண்டாக்கவில்லையா?

அவ்வமைதி எளிதில் வாய்ப்பதன்று. ஆடிகளின் ஒளி, ஒளியலையின் நீளத்தில் ஒரு சிறு பங்கு பிசகி வந்தாலும் விண்மீன் ஒளி கசிந்துவிடும்; இமைப்பொழுதும் ஓயாமல் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் அவைகளில் அடங்க வேண்டிய பேரொளி பெரும்பாலும் நாமே என்பதால், இவ்வுழைப்பு நமக்கு இன்னும் கடினம். தொலைதூர உலகைக் காண இத்துணைப் பாடுபடும் மனிதன், பக்கத்தில் அமர்ந்திருப்பவரைக் காண ஒரு நாழிகை மௌனம் காக்கலாகாதா?